ஈரத்துக்கு ஓட்டு

ஆடு என்றாலே எனக்கு ஆகாது. சார்தீனியாத் தீவின் மலைக்கிராமம் ஓரூனேயில் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் சொல்கிறேன், நம்பலாம். அப்பாவின் செம்மறிகளிடம் பால் கறந்து கறந்து விரல் மரத்துப்போய், இனி இந்த ஜென்மத்தில் ஆட்டு வாடையே வேண்டாம் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினேன். ஒரு வருஷ விசா. ஊரும் சுற்றலாம், வேலையும் செய்யலாம். சிட்னியில் கடற்கரையோரக் காபிக் கடை ஒன்றில் ஏழு மாதம் ராணி மாதிரி இருந்தேன்.

இந்த நாட்டுச் சட்டம் எளிமையானது, ஆனால் ஈவு இரக்கம் இல்லாதது. இரண்டாவது வருஷமும் இருக்க வேண்டுமா? முதல் விசா முடிவதற்குள் நகரத்தை விட்டு வெளியே போய், அரசாங்கம் குறித்து வைத்திருக்கும் பகுதியில், அரசாங்கம் சொல்லும் வேலையை எண்பத்தெட்டு நாள் செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் மூட்டையைக் கட்டு. முழு நாள் வேலைதான் செல்லும், அரை நாளைச் சீந்துவாரில்லை. என்னைப் போல வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்றுதான்: அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கடற்கரையில் படுத்துக் கிடப்பது. நானும் கிடந்தேன். விழித்துப் பார்த்தபோது வாழைத் தோட்டத்திலும் இடமில்லை, ஆரஞ்சுத் தோட்டத்திலும் இடமில்லை. பர்க் என்ற ஊருக்குத் தெற்கே, செம்மண் காட்டில், செம்மறிகளுக்கு ரோமம் கத்தரிக்கும் கூட்டம் ஒன்றில் ஆள் வேண்டும் என்றார்கள். விதி சிரித்த சத்தம் எனக்கே கேட்டது.

கூட்டத்தின் காண்ட்ராக்டர் பெயர் டெஸ். பண்ணை பண்ணையாக எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். கத்தரிக்கிறவர்கள் ஐந்து பேர். ஒவ்வொரு ஆட்டின் ரோமமும் ஒரே போர்வையாகக் கழன்று தரையில் விழும். அதை வாரி எடுத்து, மேஜைமேல் விரித்து எறிவது என் வேலை. மேஜைக்கு அந்தப் பக்கம் நோலீன் நின்று ரோமத்தைத் தரம் பிரிப்பாள். ஐம்பது வயது, சிவந்த முகம், யாரைக் கூப்பிட்டாலும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள்.

ஆனால் கறப்பது வேறு, கத்தரிப்பது வேறு. இடைவேளை மணி அடிக்கிற நேரத்தில் கத்தரிக்கிற ஒருவன் தன் கடைசி ஆட்டை, கற்றுக்கொள்ள ஆசைப்படும் வேலையாளிடம் விட்டுக்கொடுப்பது இந்தக் கொட்டகைகளின் வழக்கம். அப்படித்தான் விரெமு ஒரு நாள் தன் கத்தரிப்பு மிஷினை என் கையில் திணித்தான். விரெமு நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி. மலை போல உடம்பு, வாய் மட்டும் ஓயாது. ஆட்டை முட்டிக்கிடையில் உட்கார வைத்து, அதன் வயிற்றில் முதல் கோடு இழுத்தேன். உள்ளே வெண்ணெய் நிறத்தில் ரோமம் பிளந்து விலகியது. அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, என் வாழ்க்கையில் நான் செய்ய வேண்டிய வேலை இதுதான். பிறந்ததிலிருந்து ஆடுகளோடு கிடந்தும் தெரியாதது அன்றுதான் தெரிந்தது. வெட்கமாகக்கூட இருந்தது.

டெஸ் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "ரெண்டாவது வருஷ விசாவோட வா. அடுத்த சீசன்ல கத்தரிக்கிற வரிசைல ஒரு இடம் உனக்கு" என்றார். ஓரூனேயில் பெண்ணுக்குக் கறக்கத்தான் தருவார்கள், கத்தரிக்கத் தரமாட்டார்கள். அந்த இடம் எனக்கு வேண்டும். அதற்காக நாட்களைச் சரியாகக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். நெவில் ஸ்டேனார்டின் பண்ணையில் அந்த வெள்ளிக்கிழமை வேலை செய்தால் நாள் கணக்கு நிறைந்துவிடும். அன்று இரவோடு விசாவும் முடிகிறது. ஒரு நாளைக்கூட உபரியாக வைக்காத என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வியாழன் சாயங்காலம் தூறல் போட்டது.

நாங்கள் தங்கும் அறைகளின் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தேன். கொட்டகைத் தரைக்கு அடியில் ஆடுகளை நனையாமல் அடைத்து வைக்க இடம் உண்டு. ஆனால் நெவிலின் கொட்டகையில் அரை நாள் வேலைக்குத்தான் ஆடு கொள்ளும். மிச்சமெல்லாம் திறந்த பட்டியில் நின்றன. ஈர ஆட்டைக் கத்தரிக்க மாட்டார்கள்.

"ஐயோ, ஆடெல்லாம் நனையுதே" என்றேன், வாய்விட்டு.

உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்த விரெமு தலையை நீட்டினான். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்!" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். என் கணக்கு அங்கே எல்லோருக்கும் தெரியும். நான்தான் வந்த நாளிலிருந்து தமுக்கடித்துக்கொண்டிருந்தேனே.

"சிரி அண்ணே, சிரி. நாளைக்கு நான் நாள் கணக்கை முடிச்சதும் உன் மூஞ்சிக்கு நேரா வந்து சிரிக்கிறேன்."

"மழையை நிறுத்திட்டு வந்து சிரி, தங்கச்சி."

காலையில் தூறல் நின்றிருந்தது. காற்று நல்ல வேகம். அடியில் அடைத்திருந்த காய்ந்த ஆடுகளை வைத்து வேலை தொடங்கியது. அவை மதியச் சாப்பாடு வரை வரும். அதற்குப் பிறகு பட்டி ஆடுகள். அவை ஈரமா, காய்ந்தவையா என்று யார் முடிவு செய்வது? பண்ணைக்காரர் இல்லை, டெஸ்ஸும் இல்லை. இந்தத் தொழிலின் பழைய வழக்கப்படி, கத்தரிக்கிறவர்கள் ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்துப் பார்த்துவிட்டு, துண்டுச் சீட்டில் "ஈரம்" என்றோ "காய்ந்தது" என்றோ எழுதி, மடித்துத் தொப்பியில் போடுவார்கள். ஈரம் என்று அதிகம் பேர் எழுதியிருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. ரோமம் வாருகிறவளுக்கு ஓட்டும் இல்லை.

ஐந்து ஓட்டு. மூன்று கிடைத்தால் எனக்கு ஒரு வருஷம், வரிசையில் ஓர் இடம். கிடைக்காவிட்டால் ஓரூனே, பால் வாளி. எங்கள் ஊர்க்காரிக்கு இதில் என்ன குழப்பம்? எங்கள் ஊரில் தேர்தல் என்றால், நிற்கிறவர் திராட்சை ரசமும் பாலாடைக் கட்டியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவார். ஏறாத வீட்டுக்காரர் அதை அவமானமாக நினைத்து, சாகும் வரை சொல்லிக் காட்டுவார். ஓட்டைக் கேட்பதுதான் மரியாதை. காலை டீ இடைவேளை வந்ததும் நான் கிளம்பினேன்.

முதலில் விரெமு. டீக் கோப்பையோடு மரப்படியில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, மதியம் காஞ்சதுன்னு எழுது. ராத்திரி ஒரு பெட்டி பீர் என் செலவு."

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிறவன், அன்று கோப்பைக்குள்ளேயே பார்த்தான். "தங்கச்சி, டீ ஆறுது, போய்க் குடி" என்றான்.

கன்னிங் சகோதரர்கள் இருவர். இரட்டையர் இல்லை, ஆனால் பேச்சு எப்போதும் சேர்ந்தே வரும். கேட்டதும் இருவரும் ஒன்றாகச் சிவந்து தங்கள் காலணிகளை ஆராய்ந்தார்கள். தன் நாயோடு மட்டும் பேசுகிற லாய்ட், அன்று அதையும் நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போனான். எனக்கு உறைக்கவில்லை. கூச்ச சுபாவக்காரர்கள், உள்ளுக்குள் சம்மதம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறேன் என்று மெர்வ் கூப்பிடும் வரை தெரியாது.

மெர்வ் ஐவரில் மூத்தவர், அவர்களுக்குப் பிரதிநிதியும் அவர்தான். சீட்டை எண்ணுகிறவர் அவர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"ஏம்மா போனி, இங்க வா. யார் யார்கிட்ட கேட்ட?"

போனாரியா என்ற என் பெயர் அவர்கள் வாயில் போனியாகிவிட்டது.

"எல்லார்கிட்டயும். நீங்க மட்டும்தான் பாக்கி."

"என்னன்னு கேட்ட?"

"காஞ்சதுன்னு எழுதுங்கன்னு. உங்களுக்கு இது அரை நாள். எனக்கு ஒரு வருஷம். நியாயமா பாருங்க."

அவர் கோப்பையைத் தரையில் வைத்தார். "சீட்டை எதுக்கு மடிச்சுப் போடுறோம்?"

நான் தோளைக் குலுக்கினேன்.

"ஈர ஆட்டை நாள் பூரா தொடைல சாச்சு வச்சா என்ன ஆகும்னு ஆட்டுக்காரன் மகளுக்குச் சொல்லணுமா? என் முட்டி, என் நெஞ்சுச் சளி, அது என் கணக்கு. பக்கத்துல நிக்கிறவனுக்கு வீட்ல பிள்ளை பொறக்கப் போவுது, கூலி வேணும், அவன் வேற மாதிரி எழுதுவான். அது அவன் கணக்கு. ஒருத்தனை ஒருத்தன் கேக்க மாட்டோம். என் பொண்டாட்டியே கேட்டதில்ல. அதனாலதான் சாயந்தரம் எல்லாரும் ஒரே மேஜைல உக்காந்து திங்க முடியுது. இப்ப நான் ஈரம்னு எழுதினா, உன்னை நாட்டை விட்டுத் துரத்தினவன் நான். காஞ்சதுன்னு எழுதினா, பொண்ணு கண்ணைக் கசக்கினதும் கிழவன் கவுந்துட்டான்னு பேரு. எதை எழுதினாலும் அது இனிமே என் ஓட்டு இல்ல. நீ எடுத்துக்கிட்ட."

"நான் ஒண்ணும் கண்ணைக் கசக்கல!"

"ஆமா. பீர் தரேன்னு சொன்னியாமே. அது இன்னும் மோசம்."

மணி அடித்தது. அவர் எழுந்து மிஷினைப் பிடிக்கப் போனார்.

அடுத்த இரண்டு மணி நேரம் நான் ரோமத்தை எறிந்த வேகத்தில் நோலீன் இரண்டு முறை பின்னால் நகர்ந்தாள். எனக்கு அவ்வளவு கோபம். இவர்கள் என்ன பெரிய பாராளுமன்றமா? ஐந்து ஆள், ஒரு தொப்பி! அரை நாள் கொஞ்சம் ஈரத்தைத் தாங்கினால் என்ன, உருகியா போவார்கள்?

"மெதுவா கண்ணு, மேஜை பாவம்" என்றாள் நோலீன்.

"நான் கேட்டது தப்பா, நோலீன்?"

"தப்புதான்."

"ஏன் யாரும் முன்னாடியே சொல்லல?"

"இப்படிக் கேக்க ஒருத்தி வருவான்னு யாருக்குத் தெரியும்? நானும் இந்தத் தொழிலுக்கு வந்து எவ்வளவோ காலமாச்சு, யாரும் கேட்டுப் பாத்ததில்ல."

சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால், காய்ந்த ஆடுகள் தீர்ந்துகொண்டிருந்தபோது, பட்டிக்குப் போய் ஓர் ஆட்டைப் பிடித்து நிறுத்தினேன். முதுகில் காற்று வேலை செய்திருந்தது. உலர்ந்து மொரமொரவென்று இருந்தது. கழுத்து மடிப்புக்குள் விரலை விட்டேன். தொடை இடுக்கில் விட்டேன். இன்னொன்றைப் பிடித்தேன். அதையும் பார்த்தேன். கையை முகர்ந்தேன். என் மூக்குக்கு நான் பொய் சொல்ல முடியாது. நான் ஓட்டுப் போடுகிறவளாக இருந்து, வேறு எந்தக் கணக்கும் என் தலையில் இல்லாவிட்டால், என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் கோபம் வடிந்து உண்மையான வெட்கம் வந்தது. விசா போய்விடும் என்ற பயத்தைவிட அது மோசமாக இருந்தது. மூன்று மாதத்துக்கு மேலாக என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவனை டீக் கோப்பைக்குள் ஒளிய வைத்திருக்கிறேன். அந்த லாய்டின் நாய்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தது.

சாப்பிட்டு முடித்து ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்தார்கள். மிஷின்கள் நின்றன. மெர்வ் சீட்டும் பென்சிலும் கொடுக்க எழுந்தார். நான் ரோம மேஜைமேல் ஏறி நின்றேன். அங்கே ஏறக் கூடாது என்பது எனக்குத் தெரியும். நோலீன் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் கேளுங்க. காலைல நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கிறேன். எனக்கு மதியத்துக்கு வேற வேலை கிடைச்சாச்சு. நெவில் குடுத்துட்டாரு. பண்ணை வேலை, அதுவும் கணக்குல சேரும். தொப்பில எது விழுந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. அவங்கவங்க முட்டியைக் கேட்டு எழுதுங்க."

"என்ன வேலை, தங்கச்சி?" என்றான் விரெமு.

"உனக்கு எதுக்கு? எழுது."

சொன்னது அத்தனையும் பொய். காலையிலிருந்து நான் நெவிலின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் பொய் சொன்னால் உரக்கச் சொல்ல வேண்டும் என்று வளர்த்திருக்கிறார்கள். மெர்வ் என்னை ஒரு நொடி ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சீட்டைக் கொடுத்தார். ஐந்து பேரும் ஐந்து திசையில் திரும்பி நின்று, சுவரில் வைத்து எழுதினார்கள். தொப்பி சுற்றி வந்தது. மெர்வ் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார், எல்லாவற்றையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஈரம்" என்றார். எத்தனைக்கு எத்தனை என்று சொல்லவில்லை. அதையும் சொல்ல மாட்டார்களாம்.

எனக்கு வேண்டிய மூன்று ஓட்டு விழவில்லை. ஆனாலும் மேஜையிலிருந்து குதித்து, வேலைக்குப் போகிறவள் போல நிமிர்ந்து நடந்தேன். கொட்டகை மூலை திரும்பியதும் ஓடினேன்.

நெவில் ஸ்டேனார்ட் பட்டிக் கதவை உதைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனுஷன், தொப்பிக்குக் கீழே மூக்குதான் முதலில் தெரியும்.

"ஈரமாம், ஈரம்! இந்தக் காத்துல என் கோவணமே காஞ்சிருக்கும். சோம்பேறிப் பசங்க!"

"நெவில், எனக்கு வேலை குடுங்க. இப்ப, சாயந்தரம் வரைக்கும்."

"நீ டெஸ்ஸோட ஆளு. டெஸ்ஸைக் கேளு."

"டெஸ்கிட்ட கொட்டகை வேலைதான். அது நின்னு போச்சு. உங்ககிட்டதான் வேலை நிக்குது, பாருங்க." பட்டியைக் காட்டினேன். கத்தரிப்பதற்கு முன் ஆட்டின் வயிறு காலியாக இருக்க வேண்டும். அதனால் அவை முந்தைய நாளிலிருந்து பட்டினி. இனித் திங்கட்கிழமைதான் கத்தரிப்பு. அதுவரை பட்டினி போட்டால் செத்துவிடும். "இதுங்களை மேய விட்டாகணும். இருட்டுறதுக்குள்ள பாதியை ஓட்டிட்டு வந்து ராத்திரிக்கு மட்டும் கொட்டகைக்கு அடியில அடைக்கணும், இல்லன்னா மறுபடி மழை வந்தா திங்கட்கிழமையும் இதே ஓட்டுதான். உங்க மகன் டிராக்டர் சாமான் வாங்க டவுனுக்குப் போயிட்டான். உங்க நாய் கால்ல முள்ளு. நீங்க ஒத்தை ஆளா என்ன செய்வீங்க?"

மூக்கு என் பக்கம் திரும்பியது. "பைக் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"நொண்டி நாயா இருந்தாலும் சொன்னா கேக்கும். நாயை ஏவத் தெரியுமா?"

"உங்க நாய்க்கு எங்க ஊர் பாஷை தெரியுமா?"

"பின்ன எப்படி ஓட்டுவ?"

"நடந்து."

அவர் யோசித்தார். முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வந்தது. "சரி, அவ்வளவு ஆசைன்னா சும்மா செஞ்சு குடு. நான் வேண்டாம்னா சொல்றேன்?"

"சும்மா செஞ்சா செல்லாது. சம்பளம் வாங்கின வேலைதான் கணக்கு. முறையான கூலி, சம்பளச் சீட்டு, எல்லாம் வேணும்."

"அடிப்பாவி! ஒரே நாள்ல என் கத்தரிப்பும் போச்சு, காசும் போகுது."

"ஆடு மிஞ்சும்" என்றேன். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

இந்த இடத்தில் என் பெருமை கொஞ்சம் சேதமானது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர்ச் செம்மறிகள் தினமும் இரண்டு வேளை கறக்க வருகிறவை. கூப்பிட்டால் பின்னால் வரும். நான் முன்னால் போய் நின்று, அப்பா கூப்பிடுகிற மாதிரி நாக்கைச் சுழற்றிக் கூப்பிட்டேன். நெவிலின் செம்மறிகள் வருஷத்துக்கு ஒரு முறை மனிதனைப் பார்க்கிறவை. பேயைக் கண்ட மாதிரி நாலா பக்கமும் சிதறின. நெவில் பட்டிக் கம்பியில் சாய்ந்துகொண்டு அதை நன்றாக ரசித்தார்.

சரி, பாடம் புரிந்தது. கூப்பிட்டால் ஓடுகிறவற்றைத் துரத்தினால் போகும். காலி ரோமச் சாக்கு ஒன்றை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். எனக்குத் தெரிந்த சார்தீனிய வசவு அத்தனையும் அன்று அந்தச் செம்மண் காட்டில் ஒலித்தது. மழை பட்ட அந்த மண் காலணியில் அப்பி அப்பி, பத்து அடிக்கு ஒரு முறை நின்று உதற வேண்டியிருந்தது. ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். முதல் ஆடு நின்றது, மொத்தக் கூட்டமும் நின்றது. முன்னால் நின்ற ஒன்றை மோவாயைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனேன். ஒன்று போனால் அத்தனையும் போகும். அந்த விஷயத்தில் ஓரூனே ஆடும் பர்க் ஆடும் ஒரே ஜாதி. அக்கரையில் புல்லில் வாய் வைத்ததும் தலை நிமிரவே இல்லை. நானும் ஒரு கல்லில் உட்கார்ந்து, ஆட்டை வேண்டாம் என்று உலகத்தின் மறு மூலைக்கு வந்தவள் ஆடு மேய்க்கிறேன் என்று தனியாகச் சிரித்தேன்.

பொழுது சாய்வதற்குள் பாதி மந்தையைத் திருப்பி ஓட்டி, கொட்டகைக்கு அடியில் அடைத்தேன். நெவில் வந்து எண்ணிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது அவருக்கு வருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

"காலைல டெஸ்கிட்ட, மதியத்துக்கு மேல என்கிட்ட. ரெண்டும் ஆட்டு வேலை. சேத்தா முழு நாள்தான். எழுதித் தரேன்" என்றார். போனவர் நின்றார். "நோலீன் வந்து கேட்டா. மதியத்துக்கு முன்னாடியே நான் உனக்கு வேலை குடுத்தேனான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னேன். ஒருத்தன் வீட்டு ஆட்டை மேய்ச்சவளை எப்படிக் காட்டிக் குடுக்கிறது?" என்று முனகிக்கொண்டே போய்விட்டார்.

போனுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர்த் தொட்டி மேடு. சேறு காய்ந்து உதிரும் கையோடு அங்கே நின்று விசா விண்ணப்பத்தை அனுப்பினேன். வெளிச்சம் இன்னும் இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் தட்டு வைத்திருந்தார்கள். ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு. யாரும் எதுவும் கேட்கவில்லை. விரெமுதான் பொறுக்க முடியாமல் என் பக்கம் சாய்ந்தான்.

"தங்கச்சி, நான் இன்னிக்கு என்ன எழுதினேன்னா..."

மெர்வின் கரண்டி தட்டில் பட்டு நின்றது.

"சொல்லாதே அண்ணே" என்றேன். "எனக்கு வேண்டாம்."

உண்மையாகவே வேண்டாம். ஐந்து முகத்தையும் வரிசையாகப் பார்த்தேன். இவர்களில் யார் என்று தெரிந்திருந்தால், ஒருவனுக்கு நன்றிக்கடன் பட்டிருப்பேன், இன்னொருவன்மேல் ஆயுள் முழுக்கக் கறுவியிருப்பேன். நாங்கள் அதில் தேர்ந்த குடும்பம். தெரியாததால் ஐந்து பேரோடும் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது. கறி கொஞ்சம் உப்புக் கம்மி, அதையும் சொன்னேன். மெர்வ் உப்பை என் பக்கம் தள்ளினார்.

விசா வந்தது. டெஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இப்போது வரிசையில் ஆறாவது இடம் என்னுடையது, விரெமுவுக்குப் பக்கத்தில். அவன் மூன்று ஆடு முடிக்கும்போது நான் ஒன்று முடிக்கிறேன். அடுத்த வருஷம் அவனைப் பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் வேறொரு பண்ணையில் மழை. ரோமம் வாருவதற்கு மாயெலிஸ் என்று ஒரு பிரெஞ்சுக்காரி வந்திருக்கிறாள். அவளும் கடற்கரையில் படுத்துக் கிடந்துவிட்டுக் கடைசியில் வந்தவள்தான். அவளுக்கும் நாள் பாக்கி. நோலீன் முன்கூட்டியே அவளை எச்சரித்து வைத்திருந்தாள், அதனால் வாயைத் திறக்கவில்லை. கண்ணைத்தான் அவளால் மூட முடியவில்லை. மெர்வ் ஆறு சீட்டுக் கொடுத்தார். நான் ஆட்டின் தொடை இடுக்கில் இன்னொரு முறை விரலை விட்டுப் பார்த்தேன், சுவர்ப் பக்கம் திரும்பினேன், எழுதினேன், மடித்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை நீட்டும்போது அவள் என் முகத்தையே பார்த்தாள். என்ன எழுதினேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.